பழுதான மெட்டல் டிடெக்டர் காயிலைத் திறந்து சரிசெய்தல்: புதியவர்களுக்கான வழிகாட்டி

மெட்டல் டிடெக்டரின் தண்டு முனையில் தட்டுப்போல் பொருத்தப்பட்டிருக்கும் தேடுபாகத்தைக் காயில் என்றே வழக்கில் சொல்கிறோம். கருவியின் மற்றப் பாகங்கள் கையருகே பத்திரமாக இருக்க, கல்லில் இடிபடுவதும் ஈரப்புல்லில் தேய்வதும் தண்ணீரில் முங்குவதும் இந்தக் காயில்தான். ஆகவே கருவி காரணமின்றி ஓயாமல் ஒலித்தாலோ, காசை நேரே காட்டினாலும் பேசாமல் இருந்தாலோ, சந்தேகம் முதலில் இதன்மேல் விழுவது நியாயமே. ஆனால் சந்தேகம் வந்தவுடன் ரம்பத்தை எடுத்துவிடக் கூடாது. நான் முதன்முதலில் பிரித்த காயிலின் பிளாஸ்டிக் உறையான ஓட்டினை விளிம்பு முழுவதும் அறுத்துத் திறந்தேன். உள்ளே எல்லாம் நன்றாகவே இருந்தது. கேபிள் ஓட்டுக்குள் நுழையும் இடத்தில், வெளியிலிருந்தே எட்டக்கூடிய 2 செ.மீ. தூரத்துக்குள், ஒரே ஒரு கம்பி அறுந்திருந்தது. அதைப் பற்றவைக்கக் கால் மணி நேரம் ஆனது. அறுத்தபோது நகர்ந்துபோன சுருள்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு நாள் ஆனது. அளந்து பார்த்த பிறகே திறக்க வேண்டும், திறந்தாலும் தேவையான அளவுக்கு மட்டும் திறக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவே காரணம்.

உள்ளே இருப்பது என்ன

இந்தக் கட்டுரையில் ஓடு, கேபிள் எல்லாம் சேர்ந்த முழுப் பாகத்தைக் காயில் என்றும், அதற்குள் சுற்றப்பட்டிருக்கும் செப்புக் கம்பியைச் சுருள் என்றும் குறிப்பிடுகிறேன். பயன்பாட்டில் உள்ள கருவிகளில் பெரும்பாலானவை வி.எல்.எஃப். எனப்படும் தாழ் அதிர்வெண் வகையைச் சேர்ந்தவை. சில கிலோஹெர்ட்ஸ் முதல் சில பத்து கிலோஹெர்ட்ஸ் வரையான மாறுமின்னோட்டத்தில் இயங்குபவை. இவற்றின் காயிலுக்குள் காந்தப்புலத்தை அனுப்புவதற்கு ஒரு சுருளும், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்திலிருந்து திரும்பி வரும் சமிக்ஞையை வாங்குவதற்கு இன்னொரு சுருளும் உண்டு. அனுப்புசுருளின் வலிமையான புலம் ஏற்புசுருளில் நேராகப் பாய்ந்தால், புதைந்த காசின் நுண்ணிய சமிக்ஞை அதில் மூழ்கிவிடும். அதனால், அருகில் உலோகம் எதுவும் இல்லாதபோது ஏற்புசுருளில் தூண்டப்படும் மின்னழுத்தம் ஏறத்தாழச் சுழியாகும்படி இரண்டையும் அமைத்திருப்பார்கள். இரண்டு டி எழுத்து வடிவச் சுருள்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருக்கும் டிடி அமைப்பில், அந்த மேலேற்றத்தின் அளவுதான் சமநிலையைத் தருகிறது. ஒரே மையம் கொண்ட வட்ட அமைப்பில், புலத்தை எதிர்த்து ஈடுசெய்யும் மூன்றாவது சிறு சுருள் அந்த வேலையைச் செய்கிறது. எதுவானாலும், ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி நகர்ந்தாலே சமநிலை குலையும். சுருள்களை எப்பாக்ஸியிலோ கெட்டி நுரையிலோ அசையாதபடி புதைத்து வைப்பது இதற்காகத்தான்.

சுருள்களைச் சுற்றி, பெரும்பாலும் ஓட்டின் உட்புறத்தில், கரிய கிராஃபைட் பூச்சு அல்லது மெல்லிய உலோகத் தாள் இருக்கும். ஈரமான புல்லும் மண்ணும் மின்தேக்கிபோல் நடந்துகொண்டு பொய் ஒலி எழுப்பாமல் தடுப்பது இந்த ஷீல்டின் வேலை. இது ஒரு முழு வளையமாக மூடிக்கொள்ளாமல் ஓரிடத்தில் கட்டாயம் இடைவெளி விடப்பட்டிருக்கும். இடைவெளி இல்லாவிட்டால் ஷீல்டே குறுக்குச் சுற்றாகி, கருவிக்கு ஒரு பெரிய உலோக வளையமாகத் தெரியும்.

பல்ஸ் இண்டக்‌ஷன் எனப்படும், மின்னோட்டத்தைச் சிறு துடிப்புகளாக அனுப்பும் வகைக் கருவிகளில் பெரும்பாலும் அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் ஒரே சுருள்தான். அங்கே மேற்சொன்ன சமநிலைச் சிக்கல் இல்லாததால், புதியவர்கள் பழகுவதற்கு அவையே எளியவை. ஆனால் மின்னோட்டம் சட்டென்று துண்டிக்கப்படும் கணத்தில் சுருளின் முனைகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் எழும். கருவி இயங்கும்போது வெற்று முனைகளைத் தொடக் கூடாது, மாற்றிப் போடும் கேபிளின் காப்புறையும் அந்த அழுத்தத்தைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

எந்த நிலையிலும் நீங்கள் திறக்கக் கூடாத காயில் ஒன்று உண்டு. கேபிளே இல்லாத ஒயர்லெஸ் காயிலுக்குள் லித்தியம் பேட்டரி புதைந்திருக்கிறது. ரம்பமோ வெப்பமோ அதைத் தொட்டால் தீப்பிடிக்கும். அதைத் தயாரிப்பாளரிடமே அனுப்புங்கள். உத்தரவாதக் காலம் முடியாத காயிலுக்கும் இதுவே பொருந்தும், ஏனெனில் திறந்த காயிலுக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

கத்தியை எடுப்பதற்கு முன்

முதலில் பழுது காயிலில்தான் இருக்கிறது என்பதை உறுதிசெய்ய வேண்டும். புதிய பேட்டரியைப் போடுங்கள். காயிலின் அடியில் மாட்டியிருக்கும் பாதுகாப்பு மூடியைக் கழற்றி, அதற்கும் ஓட்டுக்கும் நடுவே சேர்ந்திருக்கும் மண்ணையும் கருமணலையும் கழுவுங்கள். இரும்புத்தாது கலந்த அந்த மண் ஒவ்வோர் அசைவுக்கும் கருவியை ஒலிக்க வைக்கும் என்பதைப் பலர் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். கேபிள் தண்டைச் சுற்றித் தளராமல் இருக்கிறதா, காயிலை மாட்டும் போல்ட் பிளாஸ்டிக்காலானதுதானா, அருகில் மின்கம்பியோ கைபேசியோ உள்ளதா என்று பாருங்கள். அதே கருவிக்குப் பொருந்தும் இன்னொரு காயில் கிடைத்தால் அதை மாட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை கிடையாது.

கருவி நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்தாலும் ஓரளவு விளங்கும். காயிலைத் தரையில் மெதுவாகத் தட்டும்போது மட்டும் ஒலித்தால், உள்ளே சுருளோ கம்பி இணைப்போ தளர்ந்திருக்கிறது. கேபிளை அசைக்கும்போது ஒலித்தால் கேபிளுக்குள் முறிவு இருக்கிறது. காய்ந்த தரையில் ஒழுங்காக இயங்கி ஈரப்புல்லில் மட்டும் தொல்லை கொடுத்தால், ஷீல்டின் தொடர்பு விட்டுப்போயிருக்கலாம் அல்லது ஓட்டில் விரிசல் விழுந்து தண்ணீர் இறங்கியிருக்கலாம். எப்போதும் ஓவர்லோடு என்றே காட்டினால், சமநிலை முற்றிலும் குலைந்திருக்க வாய்ப்புண்டு.

இதன்பின் காயிலைக் கருவியிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரின் ஓம் அளவையில் கனெக்டரின் பின்களைச் சோதியுங்கள். பின்களின் வரைபடம் கையில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை; ஒவ்வொரு பின்னையும் மற்ற எல்லாப் பின்களோடும் சோதித்துக் கட்டம் போட்டு எழுதினால், எவை சோடி என்பது தானே தெரியவரும். தடித்த கம்பியால் ஆன அனுப்புசுருள் பொதுவாகக் குறைந்த தடையும், மெல்லிய கம்பியால் பல சுற்றுகள் சுற்றப்பட்ட ஏற்புசுருள் அதைவிட அதிகத் தடையும் காட்டும். சில காயில்களில் இரண்டுக்கும் பொதுவான எர்த் இருக்கும். இன்னும் சிலவற்றில் காயிலுக்குள்ளேயே சிறு மின்சுற்றுப் பலகையும் முன்பெருக்கியும் இருக்கும். அத்தகையவற்றில் ஓம் அளவை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். உயர் மின்னழுத்தம் செலுத்தும் காப்புச் சோதனைக் கருவியை எந்தக் காயிலிலும் மாட்டாதீர்கள். உள்ளே பலகை இருந்தால் அந்தக் கணமே அது போய்விடும்.

இப்போது மீட்டரின் முனைகளை முதலைக் கவ்விகளால் பின்களில் நிலையாக மாட்டிவிட்டு, கனெக்டரிலிருந்து தொடங்கிக் கேபிளை விரலிடைக்கு விரலிடை மெல்ல வளைத்துக்கொண்டே போங்கள். ஒரு சுருள் நிலையாக 12.4 ஓம் காட்டிக்கொண்டிருந்து, குறிப்பிட்ட ஓரிடத்தை வளைக்கும்போது 15 ஆகவோ முடிவிலியாகவோ தாவினால், பழுது உங்கள் விரலுக்கடியில்தான் இருக்கிறது. அந்த இடம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: கனெக்டரின் கழுத்து, அல்லது ஓட்டுக்குள் கேபிள் நுழையும் வாய். ஷீல்டு போர்த்திய ஏற்புக் கம்பி முழுவதும் அறுந்து, வளைத்தாலும் ஒட்டாமல் இருக்கும்போது வேறொரு வழி உண்டு. நடுக்கம்பிக்கும் ஷீல்டுக்கும் இடையிலான மின்தேக்குதிறனை அளந்து, அதே வகைக் கேபிளின் ஒரு மீட்டர் துண்டில் கிடைக்கும் அளவோடு ஒப்பிட்டால், கனெக்டரிலிருந்து எவ்வளவு தூரத்தில் முறிவு என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடும். மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் உள்ள கேபிள் 60 மட்டும் காட்டினால், முறிவு ஏறக்குறைய 60 செ.மீ. தூரத்தில் உள்ளது.

ஓம் அளவையால் பிடிக்க முடியாத பழுது ஒன்றும் உண்டு. சுருளுக்குள் இரண்டு சுற்றுகள் காப்புப் பூச்சு போய் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் தடை மிகக் கொஞ்சமே குறையும். ஆனால் குறுக்குச் சுற்று புலத்தை எதிர்ப்பதால் மின்தூண்டல் அளவும் சுருளின் தரக்காரணியும் தெளிவாக விழும். மின்தூண்டலை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் இருந்தால் அளந்து, அதே மாதிரியான நல்ல காயிலோடு ஒப்பிடுங்கள். இந்தப் பழுது உறுதியானால் சுருளையே புதிதாகச் சுற்ற வேண்டும். புதியவர் அந்தக் காயிலைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு வேறு வாங்குவது நல்லது.

ஓட்டைத் திறக்காமலே முடியும் வேலை

கனெக்டர் பக்கம் முறிவென்றால், முறிந்த இடத்துக்குச் சில சென்டிமீட்டர் அப்பால் வெட்டி, கம்பிகளின் நிறத்தையும் பின் எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு மீண்டும் பற்றவைத்தால் போதும். ஒரு சோடியின் இரு கம்பிகளையும் இடம் மாற்றிவிடாதீர்கள். மாறினால் சமிக்ஞையின் கட்டம் 180 பாகை திரும்பிவிடும். காயில் உயிரோடு இருப்பதுபோல் தோன்றினாலும் மண் சமநிலை (மண்ணின் சொந்தச் சமிக்ஞையைக் கருவி ஒதுக்கிவிடும் அமைப்பு) பிடிபடாது, இரும்பையும் மற்ற உலோகங்களையும் கருவி தாறுமாறாகக் காட்டும்.

ஓட்டின் வாயருகே முறிவென்றால், கேபிளைச் சுற்றியுள்ள ரப்பர் பிடியை நீக்கி, வாய்க்குள் இருக்கும் எப்பாக்ஸியைக் கூர்மையான சிறு உளியாலோ சுழல் கருவியின் சிறு அலகாலோ கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, கேபிளின் நல்ல பகுதி கண்ணுக்குத் தெரியும்வரை குழி தோண்டுங்கள். பெரும்பாலும் 2 அல்லது 3 செ.மீ. ஆழத்துக்குள் கிடைத்துவிடும். இடையிடையே நிறுத்தி மீட்டரால் சோதியுங்கள். சுருளின் கம்பியை அலகு தொட்டுவிட்டால் சிறு வேலை பெரு வேலையாகிவிடும். நல்ல கம்பிகள் வெளிப்பட்டதும் ஒவ்வொன்றின் இணைப்பையும் சற்று முன்பின்னாக வைத்துப் பற்றவைத்து, தனித்தனியே சுருங்கு குழாய் போட்டு, ஷீல்டையும் தவறாமல் இணையுங்கள். ஈயப் பற்று பருமனாக இருக்க வேண்டாம். அதுவும் ஓர் உலோகத் துண்டுதான்.

ஓட்டைத் திறப்பது

பழுது உள்ளேதான் என்று அளவீடுகள் சொன்னால் மட்டும் இங்கே வாருங்கள். ஓடு பெரும்பாலும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். அதைத் திறக்க அசிட்டோன் ஊற்றலாம் என்று நினைக்கக் கூடாது. அசிட்டோன் எப்பாக்ஸியை விட்டுவிட்டு ஓட்டைத்தான் முதலில் கரைக்கும். துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்.

மேலோடும் கீழோடும் விளிம்பில் ஒட்டப்பட்ட காயிலானால், ஒட்டிய கோட்டின் மேலேயே மெல்லிய ரம்பப் பல்லால் கீறிக்கொண்டு போங்கள். ஓட்டின் கனம் பொதுவாக 2 முதல் 3 மி.மீ. வரைதான், அலகு அதற்குமேல் இறங்காதபடி முனையில் நாடா சுற்றி அடையாளம் வையுங்கள். அனுப்புசுருள் பெரும்பாலும் இந்த விளிம்பை ஒட்டியே ஓடுவதால், ஒரே வீச்சில் ஆழமாக அறுப்பதைவிட ஐந்தாறு சுற்று மேலோட்டமாக அறுப்பதே பாதுகாப்பு. கீழோடே இல்லாமல், மேலோட்டில் எப்பாக்ஸி ஊற்றிச் சமன்படுத்திய காயில்களும் உண்டு. அவற்றை முழுவதும் திறக்க முடியாது, திறக்கவும் வேண்டாம். பழுதிருக்கும் இடத்தில் மட்டும் ஒரு சன்னல்போல் வெட்டிக்கொள்ளுங்கள்.

எப்பாக்ஸியை இளக்க வெப்பக்காற்று உதவும். சாதாரண எப்பாக்ஸி 60 முதல் 80 பாகை செல்சியஸ் அளவிலேயே மென்மையாகத் தொடங்கும், ஏ.பி.எஸ். 100 பாகையை நெருங்கும்போது கோணத் தொடங்கும். இடையில் உள்ள வெளி குறுகியது. எனவே ஊதுகருவியைத் தூரத்தில் பிடித்து, அசைத்துக்கொண்டே சூடாக்கி, மரக்குச்சியால் கிளறி எடுங்கள். மஞ்சள் நிறக் கெட்டி நுரை தென்பட்டால் சூடு காட்டவே வேண்டாம். அது பாலியூரித்தேன், கருகினால் நச்சுப்புகை விடும். அதைக் கத்தியால் வெட்டி எடுப்பதே முறை. முகக்கவசமும் கண்ணாடியும் அணிந்து, சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

ஒவ்வொரு படியிலும் புகைப்படம் எடுங்கள். சுருள்களின் ஓரத்தை ஓட்டின்மேல் பேனாவால் கோடிட்டு வையுங்கள். பழுதான இடத்தைத் தவிர வேறெந்த இடத்திலும் சுருளை அதன் படுக்கையிலிருந்து பெயர்க்காதீர்கள்.

உள்ளே கண்ட பழுதைச் சரிசெய்தல்

பளபளப்பான சுருள் கம்பி கேபிள் கம்பியோடு சேரும் இணைப்புதான் உள்ளே அதிகம் கெடும் இடம். பச்சை படிந்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். உப்புத் தண்ணீர் பட்டதென்றால் காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஆல்கஹாலால் துடைத்து, 40 முதல் 50 பாகை வெப்பத்தில் ஒரு நாள் முழுவதும் உலர விடுங்கள்; ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் சில வாரங்களில் அதே பழுது திரும்பும்.

சுருள் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத காப்புப் பூச்சு உண்டு. சில வகைகளில் 400 பாகை அளவில் சூடான பற்றுக்கோலும் ஈயமும் சேர்ந்தே அதை எரித்துவிடும். அப்படிப் போகாவிட்டால் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் செம்பைக் காண வேண்டும். தலைமுடி கனமே உள்ள ஏற்புசுருள் கம்பியைத் தேய்க்கும்போது அழுத்தினால் அறுந்துவிடும். பல இழைகளைத் திரித்த லிட்ஸ் கம்பியில் ஒவ்வோர் இழையும் ஈயம் ஏற்க வேண்டும். நான்கு இழை விட்டுப்போனாலும் தடை மாறிவிடும். சுருளோடு இணைந்த மின்தேக்கியை மாற்ற நேர்ந்தால், அதே மதிப்பும் அதே வகையும் கொண்டதைப் போடுங்கள். வெப்பத்துக்கு மதிப்பு மாறும் மலிவான பீங்கான் வகை, வெயிலில் காயிலை நிலைகொள்ள விடாது.

ஷீல்டின் இணைப்புக் கம்பி பூச்சிலிருந்து பெயர்ந்திருந்தால், அந்த இடத்தில் கிராஃபைட் பூச்சைப் புதிதாகத் தடவி, கம்பியை அதில் பதித்து உலரவிடுங்கள். நல்ல மின்கடத்தியான வெள்ளிப் பூச்சைத் தாராளமாகப் பூசுவது நல்லது என்று தோன்றும். ஆனால் அதில் சுழல் மின்னோட்டம் எழுந்து காயில் தன்னையே உலோகமாகக் காணும். இடைவெளியின்மேல் ஒரு துளிப் பூச்சும் பாலமிடக் கூடாது.

சமநிலையைச் சரிபார்த்தல்

மூடுவதற்கு முன், இரும்பு ஆணியோ கம்பியோ இல்லாத மரமேசையில் காயிலை வைத்து, சுற்றிலும் ஒரு மீட்டர் தூரத்துக்குள் உலோகம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தூண்டல் சமநிலைக் கருவியைக் கொண்டு அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டின் உடலில் இருந்த குண்டைத் தேடியபோது, படுக்கையின் எஃகுக் கம்பிகள் சோதனையைக் குழப்பின என்பார்கள். நம் மேசைக்கடியில் மறந்துபோன ஒரு திருப்புளியும் அதையே செய்யும்.

கருவியை இயக்கி, ஏற்புசுருளின் முனைகளில் அலைகாட்டியை (ஆசிலோஸ்கோப்) மாட்டிப் பாருங்கள். அனுப்புசுருளில் பல வோல்ட் இருக்கும்போது இங்கே சில மில்லிவோல்ட் அளவே எஞ்சியிருந்தால் சமநிலை நன்றாக உள்ளது. சாதாரண மல்டிமீட்டரின் மாறுமின் அளவையை இதற்கு நம்ப வேண்டாம். பல மீட்டர்கள் ஒரு கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் சரியாக அளப்பதில்லை. எஞ்சிய மின்னழுத்தம் அதிகமிருந்தால், தயாரிப்பாளர் நடுவில் விட்டுவைத்திருக்கும் சிறு கம்பி வளையத்தைத் தேடுங்கள். அதை மரக்குச்சியால் மெல்ல மடக்கியும் விரித்தும் மின்னழுத்தம் மிகக் குறையும் இடத்தைக் கண்டு, ஒரு துளி எப்பாக்ஸியால் நிறுத்துங்கள். கையை எடுத்ததும் அளவு மாறுவது இயல்பு. கை விலகிய பின் வரும் எண்ணையே கணக்கில் எடுங்கள். பொறுமை தேவைப்படும் இடம் இதுதான், அவசரப்பட்டால் முன் செய்த வேலையெல்லாம் வீணாகிவிடும்.

மூடுதல்

மெதுவாக இறுகும் எப்பாக்ஸியைத் தேர்ந்தெடுத்து, மெல்லிய அடுக்குகளாக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் அது இறுகும்போது சூடேறிச் சுருங்கி, அரும்பாடுபட்டுப் பிடித்த சமநிலையை இழுத்துவிடும். முதல் அடுக்கு இறுகும்வரை அலைகாட்டியைக் கழற்றாமல் வைத்திருந்தால், அளவு நகரத் தொடங்கும்போதே வளையத்தைத் திருத்திக்கொள்ளலாம். சிலிக்கான் பசை பயன்படுத்துவதானால் காடி நாற்றம் அடிக்காத வகையை வாங்குங்கள். இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியிடும் வகை செப்புக் கம்பியை அரித்துவிடும்.

ஓட்டின் விளிம்புகளை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எப்பாக்ஸியாலோ, ஏ.பி.எஸ். துண்டுகளை அசிட்டோனில் கரைத்த குழம்பாலோ ஒட்டலாம். கேபிளின் வாயில் ரப்பர் பிடியைத் திரும்பப் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் கேபிள் அதே இடத்தில் மறுபடியும் முறியும்.

முழுதாக ஒரு நாள் இறுகிய பின், கனெக்டரை வெளியே வைத்துக்கொண்டு காயிலை 40 பாகை அளவுள்ள வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துங்கள். உள்ளே அடைபட்ட காற்று விரிவதால், ஓட்டை இருக்கும் இடத்திலிருந்து குமிழ்கள் கிளம்பும். குமிழ் கண்டால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள். காயில் நீருக்குள்ளேயே குளிர்ந்தால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். குமிழ் வராவிட்டால் துடைத்து, குளிரவைத்து, முன்பு அளந்த பின்களையெல்லாம் இன்னொரு முறை அளந்து, அந்த எண்களைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் பையில் போட்டு வையுங்கள். அடுத்த முறை இந்தக் காயில் தகராறு செய்யும்போது ஒப்பிடுவதற்கு வேறொரு நல்ல காயிலைத் தேட வேண்டியிருக்காது.